வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு

மகளுக்கு,

இன்றும் வலை கிழிந்துதான் வந்தது. எல்லாம் உன் கடல்நாயின் வேலை. அதைச் சுடுவேன் என்று போன வருடம் நான் கத்தியதற்குத்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதென்ஸுக்குக் கப்பலேறினாய்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கியோடு வெனிஸ்காரன் கோட்டைக்குக் கீழே இருக்கும் குகைக்குப் போனேன். உள்ளே அது குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. படகைத் திருப்பிவிட்டேன்.

மறுநாள் சுற்றுலாப் பயணிகளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு ஸ்டமாட்டிஸ் அந்தக் குகைக்குக் கிளம்பினான். "குகை இடிஞ்சு விழுது, போகாதடா" என்றேன்.

"கோட்டை கட்டுன நாள்லேர்ந்து இடியாதது இன்னிக்கா இடியுது? எம் பொண்ணுக்குப் பயந்துட்டேன்னு சொல்லு, நான் போகல" என்று சிரித்தான். சொல்லித் தொலைத்தேன். அவனும் போகவில்லை.

உன் கட்டிலில் வலைகளைப் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். குட்டி மல்லாந்து படுக்கும்போது வயிற்றில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. அதன் வடிவத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாய் நீ. எனக்குப் பிடிபடவில்லை. முதல் முடி உதிர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றும் நீதான் சொன்னாய். இன்னும் ஒரு மாதம் இருக்குமா?

வெள்ளிக்கிழமைக் கப்பல் இப்போதும் எட்டு மணிக்குத்தான் வருகிறது.

அப்பா