மூன்றாவது ஓலை

இன்று காலை இன்குபேட்டர் கதவைத் திறந்ததும், அதில் நீ ஒட்டியிருந்த கையுறைப் பெட்டி அட்டை கழன்று என் காலில் விழுந்தது. உன் கோழிக்கிறுக்கலில் 'ஓலை' என்று தலைப்பு. கீழே மூன்று கட்டங்கள். இரண்டில் டிக். மூன்றாவது காலி.

உங்கள் சாந்தன்பாறை மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் சொல்லலாம். அதை நம் ஆய்வகத்துக்கும் சட்டமாக்கியவன் நீ: மூன்று சோதனை தேறாமல் வெளியே மூச்சு விடக்கூடாது. பெண், நம் அனாதை ஏற்பி. மனித மரபணு ஒன்று செல்லின் மேல் நட்டு வைக்கும் புரதம். எந்த மூலக்கூறு தொட்டால் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது; விழித்தால் செல் மினுங்கும்படி சாயம் ஏற்றியிருந்தோம். மாப்பிள்ளை தேடியே எனக்குப் பாதி வழுக்கை, உனக்கு முழுசு.

ஏற்பி உள்ள செல்கள் முதன்முதலாக மினுங்கிய அன்று நான் சும்மா இருந்தேனா? நான் தினமும் ஏறும் சித்தூர் பஸ் கண்டக்டர் வரைக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். மறுநாள் ஏற்பியே இல்லாத வெறும் செல்களில் அதே மூலக்கூறை விட்டுப் பார்த்தாய். அவையும் மினுங்கின.

"ஏலே, ஒத்த ஓலைக்கே பந்தி போட்டுட்டியா?"

"மினுங்குனதைத்தான்டா சொன்னேன்."

"வெறும் செல்லும் மினுங்குதே, அதுக்கு எந்த மாப்பிள்ளைலே?"

வெறும் செல் கதையையும் ஓலைக் கணக்கையும் கண்டக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் தினமும், "ஏனுங்க, கல்யாணம் என்னாச்சுங்க?" என்று கேட்டே என்னைக் கொன்றார்.

பிறகு வேறொரு மூலக்கூறு அமைந்தது. இரண்டு முறையும் ஏற்பி உள்ளவை மட்டும் மினுங்கின. அதற்குள் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்; அங்கே வந்து உன் காதில் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னும் ஒரு ஓலை இருக்கு. அதுவரை வாயை மூடுலே" என்றாய். அதுதான் கடைசித் திட்டு. அந்த வாரமே போய்விட்டாய்.

மூடினேன். என் வீட்டுக்காரி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்று மூன்றாவது. சோதனைத் தட்டில் ஏற்பி உள்ள செல்களின் குழிகளெல்லாம் ஜொலித்தன; வெறும் செல்களில் பொட்டு வெளிச்சமில்லை. உன் ஸ்டூலைப் பார்த்து, உங்கள் கோயில் சாமியார் குரலில், "தடை தெரிந்தவர் உண்டா?" என்று கத்தினேன். ஃப்ரிட்ஜ் மட்டும் முனகியது. அது எப்போதும் முனகுவதுதான். டிக் போட்டேன். நம் பெண் இனி அனாதை இல்லையடா!

சாயங்காலம் பஸ்ஸில் மைசூர்பாகை நீட்டினேன். கண்டக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வெறும் செல்லு மினுங்குச்சுங்களா?"

"இல்லீங்க. மூணு ஓலையும் வாசிச்சாச்சுங்க."

டப்பாவையே பிடுங்கிக்கொண்டார்.

அந்த அட்டை இப்போது என் சட்டைப் பையில். பின்பக்கம் புதிதாக மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். அடுத்த அனாதை காத்திருக்கிறாள், வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.