பிறை பார்க்க ஒரு கமெரா

ஜனவரி 12, திங்கள்

கணவரின் தம்பி இனாஸ் தோஹாவிலிருந்து போன் எடுத்தார். மாத முடிவில் லீவில் வருகிறாராம். "மதினி, உங்களுக்கு என்ன கொண்டு வர? வெக்கப்படாமச் சொல்லுங்க." நான் ஏன் வெட்கப்படப் போகிறேன்? கமெரா என்றேன். "கமெராவா?" என்று இரண்டு தரம் கேட்டார். வாசனைச் சவர்க்காரம் கேட்பேன் என்று நினைத்திருப்பார், பாவம். அவர் மனைவியின் கல்யாண உடுப்பைப் பதினொரு நாள் இருந்து தைத்தது நான். அதை அவர் மறக்கவில்லை.

பிறகு இரண்டு படம் அனுப்பினார். ஒன்று பெரியது, லென்ஸைக் கழற்றி மாட்டுவது. டீ.எஸ்.எல்.ஆர். என்கிறார்கள். மற்றது சின்னது. அதன் மூக்கு தானாக நீளும், லென்ஸ் கழறாது. இருபத்தைந்தாம் தேதிக்குள் எது என்று சொல்ல வேண்டும்.

என் கணவர் றுமைஸ் படத்தைப் பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவருக்குப் படகு எஞ்சின் திருத்துகிற வேலை. எதையும் பாரத்தை வைத்துத்தான் மதிப்பார். "பெரிசை எடு புள்ள. கல்யாண வீட்டுல பொம்புளைப் பக்கம் படம் எடுக்க ஆளில்லாம அலையிறாங்க. நீ உடுப்பும் தைக்கிற, படமும் எடுக்கலாம்."

நியாயமான கதைதான். ஆனால் எனக்குக் கமெரா எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி 13

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

போன வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு, அந்தியில் பிறை கண்டால் மறுநாள் பெருநாள். உடுப்புக் காயப்போடும் கொடியடியில் நின்று பெருநாள் பிறையைக் கண்டேன். நான் கண்டேன்! கடற்கரையில் நின்ற ஆம்பிளைகள் ஒருவரும் காணவில்லை. இவர் பள்ளிவாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். "வேற ஆர் கண்ட?" என்று கேட்டார்களாம். வேறு யாரும் இல்லை. திரும்பி வந்து, "மேகக் கீறா இருக்கும் புள்ள" என்றார்.

அடுத்த நாள் ஊரே முப்பதாவது நோன்பு. எனக்கு அது பெருநாள். பெருநாள் அன்று நோன்பு பிடிப்பது ஹராம். என்ன செய்ய? குசினிக்குள் போய், கதவைச் சாத்தி, நோன்பை முறிக்க ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பின்னேரம் எல்லாரோடும் இருந்து நோன்பு திறந்தேன்.

என் கண்ணை நம்பாதவர்களுக்குப் படமாகக் காட்ட வேண்டும். அதற்குத்தான் கமெரா. ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் எனக்கு ஒரு தரம் போதும், நாற்பத்து மூன்று வயதில். மேகக் கீறாம்!

ஜனவரி 17, சனி

பஸ்ஸில் புத்தளம் போய் மரியநாயகம் அண்ணனின் கமெராக் கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். கத்தோலிக்க மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற முசுப்பாத்திக்காரர். விற்கிற அவசரமே இல்லை.

பெரியதற்கு வெளிச்சம் வாங்குகிற தகடு பெரிதாம். இருட்டு மண்டபத்திலும் முகம் சுத்தமாக வருமாம். ஆனால் அதோடு வருகிற லென்ஸ் தூரத்துக்குக் காணாது. "தூர லென்ஸ் தனியா வாங்கினா கமெராவையே விழுங்கிப் போடும் அக்கா. எங்கட உப்புக் காத்தில கழற்றிக் கழற்றிப் பூட்ட, உள்ளுக்குத் தூசியும் போகும்." சின்னதற்குத் தகடு விரல் நகம் அளவு. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகப் போகும். ஆனால் தூரம்? "அதைக் கேக்காதேங்கோ" என்று சிரித்தார்.

பெரியதின் துவாரத்தில் கண்ணை வைத்தேன். களப்புத் தண்ணீருக்கு அங்கால் உள்ள தென்னைகள் எல்லாம் ஒரே புகை. அவர் துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சக்கரம் போன்ற குட்டிச் சில்லைத் திருப்பினார். இன்னும் புகை. இன்னும் திருப்பினார். கடைசியில் பளிச்சென்று வந்தது.

"கடைசி மட்டும் திருப்ப வேண்டிக் கிடக்கே அக்கா?"

"உங்கட கமெராவுக்கு வயசு போயிட்டு அண்ணன்" என்றேன்.

சின்னதை எடுத்து மூக்கை நீட்டினேன். திரையில் அக்கரைத் தென்னை, அதன் ஓலை, ஓலையில் ஒரு காகம், காகத்தின் கண்! கடைக்குள் நின்று "அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

"கல்யாணத்துக்கா, தூரத்துக்கா?" என்று கேட்டார்.

"பிறைக்கு" என்றேன், மெதுவாக. அவர் சிரிக்கவில்லை. "அப்ப சின்னதுதான்."

ஜனவரி 20

நோன்புக்கு முந்தின மாதமான ஷஃபானின் பிறை. அடுத்த வீட்டு அலீமாத்தா வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "அந்தா பாரு, வடிவா ஈக்கு" என்றா. தையல் மிஷினை விட்டு ஓடிப் போனேன். காணவில்லை. நான் போவதற்குள் மேகம் மூடியிருக்கும்.

ஜனவரி 24

மூன்று நாளாக இதே யோசனை. பெரியது எடுத்தால் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள், இவருக்கும் சந்தோஷம். சின்னதை எடுத்து, வருஷத்தில் ஒரு பின்னேரத்துக்காக? பைத்தியமா எனக்கு? ஆனால் அந்தக் காகத்தின் கண்!

சின்னது என்று இனாஸுக்கு அனுப்பிவிட்டேன்.

இவர்: "மூக்கு நீளுற கமெரா. எல்லாத்துக்குள்ளயும் மூக்கை விடுற பொண்டாட்டிக்குப் பொருத்தந்தான்."

சொல்லிவிட்டு எஞ்சின் திருத்தப் போய்விட்டார்.

ஜனவரி 31, சனி

வந்துவிட்டது! நேற்றிலிருந்து ஒரு சட்டைக்குக்கூடக் கத்தரிக்கோல் வைக்கவில்லை. நுரைச்சோலை மின் நிலையப் புகைபோக்கியின் ஏணிப்படிகளை எண்ணலாம். மின்சாரக் காற்றாடியின் இறக்கையில் துருக்கறை. கடலில் போகிற கப்பலின் பெயரை வாசித்தேன். வெறும் கண்ணுக்கு அது ஒரு கறுப்புப் பொட்டு.

"இஞ்ச இருந்தே எனக்குக் கப்பல் எண்டு தெரியுது" என்றார் இவர். பீற்றிக்கொள்ளட்டும்.

பின்னேரம் ஒரு மணப்பெண் உடுப்பின் கல் வேலையை அறைக்குள் வைத்து எடுத்துப் பார்த்தேன். ரவை கொட்டியது போல் புள்ளி. "பார்த்தியா" என்றார். பார்த்தேன்தான். இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

பிப்ரவரி 9, திங்கள்

அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் தலைக்கு மேல் அரை நிலா. மூக்கை முழுதாக நீட்டினேன். நிலாவில் குழிகள்! அம்மைத் தழும்பு போல, ஒவ்வொன்றுக்கும் தனி நிழல். அந்த நிழல் எவ்வளவு நீளம் இருக்கும்? எங்கள் கல்பிட்டியே உள்ளே போகுமா?

இவரைக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் கமெராவைத் திருப்பித் தரவே இல்லை. தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

பிப்ரவரி 11

வெறும் வானத்தில் கமெரா தெளிவு பிடிக்கத் தடுமாறுகிறது. மூக்கு முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருகிறது, பிடிக்க ஒன்றுமில்லை. முதலில் தூரத்துப் படகின் கொடிக்கம்பைப் பிடித்து, பொத்தானை அரைவாசி அமர்த்தியபடியே மேலே தூக்க வேண்டும். நூறு தரமாவது பழகினேன். கை உளைகிறது. எதற்கு இவ்வளவு பழக்கம் என்று இவர் கேட்க, பிறைக்கு என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

போச்சு.

ஜும்ஆ தொழுகை முடிய இவர் பள்ளி இமாமான ஹஸரத்திடம் கேட்டிருக்கிறார், எனக்கு உதவியாக. படத்தைச் சாட்சியாக எடுக்க ஏலாதாம். வெறும் கண்ணால கண்டவங்கதான் வந்து சொல்லணுமாம். போனில எத்தனை பொய்ப் படம் சுத்துது, ஆர் எந்த வருஷத்துப் பிறைய அனுப்புறாண்டு எப்படித் தெரியும் எண்டு கேட்டாராம்.

சரிதானே? எனக்கேன் இது முன்னுக்கே விளங்கல்ல? வாங்க முந்திக் கேட்டிருக்கலாமே! பெரிசையும் விட்டு, கல்யாணங்களையும் விட்டு — இப்ப இது எதுக்கு? காகத்தைப் பார்க்கவா?

கமெராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 15

அலுமாரித் திறப்பு என் கையில்தானே. எடுத்தேன். பறக்கிற கடற்காகத்தின் காலில் மீன் முள் குத்தி இருக்கிறது, பாவம்.

பிப்ரவரி 18, புதன்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஷஃபான் இருபத்தொன்பது. இன்று பிறை கண்டால் நாளைக்கு நோன்பு. கடற்கரையில் நல்ல கூட்டம். ஆம்பிளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கமெராவைக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாசலில் இவரே எடுத்துக் கையில் தந்தார். "சும்மா பாரன்."

சூரியன் இறங்கிப் பத்து நிமிஷம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் தூரத்தில் கரையில் ஏற்றியிருந்த படகின் கொடிக்கம்பைப் பிடித்து, மேலே தூக்கி, கொஞ்சம் வலப்பக்கம் கொண்டுபோனேன். மூன்றாவது தரம் திரையில் வந்தது. வெட்டிப் போட்ட நகம் போல, அவ்வளவு மெல்லிசு. பிறைதான்.

தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி திரை: இருக்கிறது. மறுபடி வானம்: இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் வாய் வரை வந்துவிட்டது. "கண்டேன்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். இந்த முறை நம்பியிருப்பார்கள்.

"கமெராவுக்குள்ள நிக்குது, என்ட கண்ணுக்குத் தெரியல்ல" என்று கத்தினேன். மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, கொடிக்கம்பும் பிறையும் ஒரே படத்தில் வரச் செய்து அலீமாத்தாவுக்குக் காட்டினேன். "கம்புக்கு மேல, நாலு விரல் வலப்பக்கம்." அவ திரையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தா.

"அந்தா! அல்லாஹு அக்பர், அந்தா ஈக்கு!"

இவர் ஓடி வந்தார், கண்டார். பிறகு இன்னும் இரண்டு பேர். பத்து நிமிஷத்தில் கடற்கரை முழுக்கக் கை நீட்டிக்கொண்டு நின்றது. இவர் என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். "அங்க புள்ள, அங்க. இவ்வளவு வடிவா நிக்குதே!" எனக்குச் சிவந்த புகை மட்டும்தான்.

புகை. மரியநாயகம் அண்ணன் திருப்பிய அந்தக் குட்டிச் சில்லு. கடைசி மட்டும் திருப்ப வேண்டிக் கிடக்கே அக்கா.

வயசு போயிருந்தது அவர் கமெராவுக்கு இல்லை, என் கண்ணுக்கு.

பள்ளியில் இருந்து வந்தவர் கேட்டார், "நீங்க கண்ணால கண்டீங்களா?" "இல்ல" என்றேன். நாலு பேரின் பெயர் எழுதிக்கொண்டு போனார். வேறு ஊர்களில் இருந்தும் செய்தி வந்ததாம். நாளைக்கு நோன்பு.

இப்படிப்பட்ட பிறையையே காணாத கண், போன வருஷம் கொடியடியில் எதைக் கண்டது? மேகக் கீறா? உண்மையிலேயே கண்டேனா? இனி ஒருபோதும் எனக்குத் தெரிய வராது.

பிப்ரவரி 19, வியாழன். தலை நோன்பு

சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினபோது இவரிடம் போன வருஷத்துத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சோற்றுப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"ஒரு மிடறா?"

"ஒரு மிடறுதான்."

சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கினார். "திங்கக்கிழம புத்தளத்துக்குப் போய்க் கண்ணக் காட்டுவம். பெருநாள் முடிய அந்த நோன்பைத் திருப்பிப் பிடிச்சுக் கழாச் செய். நானும் உன்னோட பிடிக்கிறன்."

"நீங்க ஏன்?"

"பள்ளியில நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம், இல்ல வீட்டுல இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்" என்றார். பாங்கு சொல்லி நோன்பு தொடங்க இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குடித்தேன்.