செவ்வாயும் வெள்ளியும் வேக ஓட்டம்

மார்ச் 4, செவ்வாய்
வழக்கம்போல ஐந்து கிலோமீட்டர். நாற்பத்தோரு நிமிடம். கோதுமைக்காரன் பழைய சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நான் சொல்லிக்கொண்டே ஓட, வீட்டுக்காரி இடையில் புகுந்தாள்: "என்னங்க, வாரத்துல ரெண்டு நாள் வேக ஓட்டம் சேத்துக்கலாமா?"

நான்கு வருடமாக இல்லாத வேகம் இப்போது எதற்கு?

எங்கள் தானியக் கடையில் இரண்டு பேரும் பேசுவதெல்லாம் மூட்டை, லாரி, ஆள். மற்றதெல்லாம் இந்தக் காலை ஓட்டத்தில்தான். மகளின் கல்யாணப் பேச்சும், இரண்டாவது கிடங்கு வேண்டாம் என்ற முடிவும் ஓடிக்கொண்டே பேசியவை. வேகமாக ஓடினால் வாய் எப்படித் திறக்கும்?

மார்ச் 5
அவள் காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள். இதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். முப்பது வருட வியாபாரத்தில் இந்தக் கணக்கு பொய்த்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி
மைதானத்தில் ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் விசில், அதனால் விசில்காரர். நேரே போய்க் கேட்டேன்.

"என் வீட்டம்மாவுக்கு நீங்கதான் சொன்னீங்களா?"

"அவங்கதான் சார் வந்து கேட்டாங்க. ஒரு சுத்து நானூறு மீட்டர், வேகமா. அப்புறம் ஒன்றரை நிமிஷம் நடை. அப்படி ஆறு தடவை."

"எவ்வளவு வாங்குறீங்க?"

"ஒண்ணும் இல்லையே சார்."

சும்மா கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. அவளோ தானாகப் போய்க் கேட்டிருக்கிறாள். ஏன்?

மார்ச் 11, செவ்வாய்
முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். அவள் வேக ஓட்டத்துக்குக் கிளம்பியதும் பின்னாலேயே போய் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். மூட்டையின் வாயை மட்டும் பார்த்து எவன் வாங்குவான்? நடுவில் குத்தூசி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தேன்.

அது என் வீட்டுக்காரி இல்லை. முழங்கால் அப்படி உயர்கிறது. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரை அநாயாசமாகத் தாண்டிப் போனாள். ஆறாவது சுற்றும் முதல் சுற்று மாதிரியே.

அப்படின்னா என்கூட ஓடுனது என்ன? நாலு வருஷமா எனக்கு மட்டும் குறைச்ச எடையா?

மார்ச் 12
கேட்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

மார்ச் 13
கேட்டுட்டேன். கிடங்கில், சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளும் எனக்காக மெதுவா ஓடுனியா?"

ஊசியைக் கீழே வைத்தாள். "ஓகோ, தொட்டிக்குப் பின்னாடி நின்னது நீங்கதானா? வெள்ளைச் சட்டை தெரிஞ்சுது. எவனோ செருப்பு திருட வந்திருக்கான்னு நெனச்சேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மெதுவாத்தான் ஓடுனேன். வேகமா ஓடுனா உங்க பேச்சை யாரு கேக்கறது? எனக்கு நாப்பத்தேழு ஆச்சுங்க. என்னால எவ்வளவு முடியும்னு எனக்கே தெரியாது. முடியாம போறதுக்குள்ள ஒரு தடவை தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? இன்னைக்குச் செவ்வாய், வெள்ளி. நாளைக்கு வாரம் முழுக்க. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது — விளக்குக் கம்பத்துகிட்டயா?

மார்ச் 14, வெள்ளி
நானும் இறங்கிவிட்டேன். விசில் ஊதியதும் பாய்ந்தேன். முதல் இருநூறு மீட்டர் அவளுக்கு முன்னால் நான்! முந்நூறில் கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விசில்காரர் ஓடி வந்தார். "இருக்கிற சரக்கெல்லாம் முதல் சுத்துலயே இறக்கிட்டா மத்த அஞ்சுக்கு எங்க சார் போவீங்க?"

ஒரு வியாபாரிக்குச் சொல்ல வேண்டிய புத்தியா இது? அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 15
தசை லேசாகக் கிழிந்திருக்கிறதாம். மூன்று வாரம் ஓடக் கூடாது என்கிறார் டாக்டர். இனி எல்லா நாளும் அவள் தனியாகத்தான்.

மார்ச் 18, செவ்வாய்
வீட்டில் கிடந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது. நொண்டிக்கொண்டே போய் மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். விசில்காரர் தன் கடிகாரத்தை என் கையில் திணித்துவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் சுற்று முடிந்து, மூச்சு வாங்க என் முன்னாலேயே நடந்தாள். "அந்தக் கோதுமை... வேண்டாம். நேத்து கைவிட்டுப் பாத்தேன்... நடுவுல ஈரம்." ஒன்றரை நிமிடம் ஆனதும் ஓடிவிட்டாள். அடுத்த இடைவெளியில், "மக... வேலையை விடலாமான்னு யோசிக்கிறா... நீங்க திட்டுவீங்கன்னு... சொல்லல."

எப்போதிலிருந்து என்று கேட்பதற்குள் அடுத்த சுற்று.

எத்தனை வருடம் பக்கத்தில் ஓடினேன்? நான் பேசுவேன், அவள் 'ம்' போடுவாள். இன்று அவள் பேசினாள். 'ம்' போட்டது நான்.

மார்ச் 25, செவ்வாய்
ஒரு சுற்று நூற்று நான்கு விநாடி. போன வாரத்தைவிட மூன்று குறைவு. விசில்காரர் கடிகாரத்தை எப்படி நம்புவது? என் கடிகாரத்திலும் பார்த்தேன். சரிதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்
கால் சரியாகி ஐந்து நாள் ஆகிறது. அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது சுற்று முடிந்து வந்தவள் என் காலையே பார்த்தாள். குனிந்து, கெண்டைச் சதையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் முகத்தைச் சுளிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"இன்னும் வலிக்குதா?"

"லேசா இழுக்குது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் ரெண்டு வாரம் இங்கயே உக்காருங்க," என்று சொல்லிவிட்டுக் கோட்டில் போய் நின்றாள்.