உடையப்பனின் சளி

ரெஜினா,

கஞ்சி குடித்துவிட்டேன். என் தட்டும் டம்ளரும் தனியாக இருக்கின்றன. கொதிக்க வைத்துக் கழுவு, மற்றதோடு சேர்க்காதே.

நேரில் சொல்லத் தைரியமில்லாமல், நீ பள்ளிக்கூடம் போன பிறகு எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் உடையப்பன் என்று பொய்ப்பெயர் போட்டு என் சளியைச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். நேற்று கம்பவுண்டர் ராமர் சீட்டோடு வந்தார்.

"டி.பி.தான் டாக்டர். பாவம், பொண்டாட்டி புள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காக ராமர். டாக்டர்ட்ட காட்டுங்கன்னு அந்தம்மா மூணு மாசமாக் கத்துது. இவன் கேக்கல" என்றேன்.

"கூறுகெட்ட பயலா இருப்பான் போல!"

ஆமாம் என்று சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தினமும் இருநூறு பேர் நெஞ்சில் குழல் வைக்கிறவன், என் நெஞ்சுக்கு மட்டும் 'அப்புறம் வா' என்று சொல்லிவிட்டேன். இன்று பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நிற்கிறேன்.

பெற்ற பிள்ளை பிலோவைத் தூக்காத மனுஷன் என்று ஞாயிற்றுக்கிழமை திட்டினாயே, காரணம் இதுதான்.

பி.கு.: நாளை உங்கள் இருவருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். மூன்று மாதமாக இருமினேன். சந்தேகம் வந்தது இரண்டு வாரத்துக்கு முன்புதான். அதுவரை பிலோவை மடியில் வைத்து, ஊதி ஊதிச் சோறு ஊட்டியிருக்கிறேன், ரெஜினா.