நீ காட்டிய கைகள்

நேற்று உன் கருமாதி. நான் வரமாட்டேன் என்று தெரிந்து, உன் மருமகள் கனிமொழியே தெருவைக் கடந்து தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல கனமான எவர்சில்வர். உள்ளே வடையும் அதிரசமும். வெளியே உன் பெயர், அதற்குக் கீழே ‘நினைவாக’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் உன் பெயரைப் படிக்க எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

மல்லிகாதான் வாங்கினாள். என் மகளின் வலது கையைப் பார்த்ததும் கனிமொழி நின்றாள். நல்ல பெண். மனசில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

“நண்டு ஒடைக்கயில போன வெரலுன்னு அத்த சொல்வாங்க. இப்பவும் குளுரடிச்சா வலிக்குதாக்கா?”

நண்டாம். செத்துப் பதினாறு நாள் ஆன பிறகும் உன் வாய் என் வீட்டுக்குள் வந்து பொய் சொல்லிவிட்டுப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. நீ குறுக்கே பேச முடியாது.

நீயும் நானும் கருக்களாச்சேரியில் ஒரே தெருவில் பிறந்தோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பிலும் எதிரெதிர் வீடு அமைந்தது. அப்போது அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நான் தலையில் கூடை சுமந்து மீன் விற்றேன். நீ இறால் கம்பெனிக்குப் போய், கொஞ்ச நாளில் ஒரு மேஜைக்குத் தலைவியாகவும் ஆனாய். பச்சைப் பட்டை ஒன்று குத்திக்கொடுத்தார்கள். பன்னிரண்டு பெண்கள் நின்று இறால் உரிக்கிற மேஜை அது. மல்லிகா பத்தாவது முடித்ததும் நீதான் வந்து கேட்டாய்.

“ஓம் மவள வெயில்ல அலைய வுடாதடி. நெழல்ல நின்னு செய்யற வேல. எம் மவளா நெனச்சுப் பாத்துக்கறேன்.”

நீ சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. அதிலும் ‘எம் மவளா’ என்று சொன்னது.

அந்த வருஷம் கம்பெனியில் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். சுவரெல்லாம் படம் ஒட்டினார்கள். மருந்துப் பெட்டி மாட்டினார்கள். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி, அழுக்காகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கூடவே மேனேஜர் ஒரு பரிசும் அறிவித்தார். சீசன் முடிகிறவரைக்கும் காயமே ஆகாத மேஜையில் ஆளுக்கொரு எவர்சில்வர் அண்டா, பெயர் வெட்டி. ஒருத்திக்குக் காயம் என்று சொல்லிவிட்டால் அந்த மேஜையில் ஒருத்திக்கும் கிடையாது.

அதோடு கம்பெனியில் காயம் நின்றுபோனது. இறால் தலையில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பு குத்துவது நிற்கவில்லை, குத்தியது என்று சொல்வதுதான் நின்றது. விரலில் ரத்தம் வந்தால் ஐஸ் தண்ணீருக்குள் கையை அமுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பவளோடு சினிமாக் கதை பேசுவார்களாம். நீ சொல்லிக்கொடுத்த வித்தை. இதெல்லாம் மல்லிகா பிற்பாடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒவ்வொன்றாகச் சொன்னது.

அவளுக்கு ஆள்காட்டி விரலில் கொம்பு ஏறியது. முனை உள்ளேயே முறிந்துவிட்டது. நீதான் ஊக்கால் நோண்டிப் பார்த்தாய். வரவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, மேலே கையுறையை மாட்டிவிட்டாய்.

“வலிக்குது பெரியம்மா. பெட்டியில மருந்து இருக்குல்ல?”

“அந்தப் பெட்டியத் தொறந்தா பன்னெண்டு பேருக்கும் போச்சுடி. சீசன் முடியப்போவுது. பல்லக் கடிச்சுக்க. ஒங்கம்மாகிட்டயும் மூச்சு வுடாத. அவ வாயி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.”

என் வாயைப் பற்றி நீ சொன்னது சரிதான். அதைப் பிறகு நீயும் பார்த்தாய்.

நான் விடியும்முன் துறைக்குப் போய்விடுவேன். திரும்பும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். இரவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டாள். வயசுப் பெண், ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான், கம்பெனியில் பாதுகாப்புத் திட்டம் எப்படி நடக்கிறது என்று மதிப்புப் போட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பீரோ திறந்து எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று மேனேஜர் கேட்க, நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொல்லிப் பழகினீர்கள். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். மற்றவர்கள் சுவர்ப் படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்க, அவள் போய் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சு நீலக் காகிதம் பிரிக்காமல் இருந்தது. மருந்து பாட்டிலில் மூடி உடையவில்லை.

“இவ்வளவு பேர் இறால் உரிக்கிறீங்க. ஒருத்தருக்குக்கூடவா கொம்பு குத்தல?”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்தாய்.

“இது கடலோரத்துக் கை மேடம். குத்துனா கொம்புக்குத்தான் வலிக்கும்.”

மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து மல்லிகா எதிரில் நின்றாள். ஏன் இவள் எதிரில் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

“நீ காட்டும்மா, பார்ப்போம்.”

மல்லிகா கையுறையைப் பாதி உருவிவிட்டாள். “காட்டிடலாம்னுதாம்மா இருந்தேன்,” என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள். நீ இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தாய். உன் கையுறை இரண்டையும் உருவி எறிந்தாய். உன் கைகளை அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாய்.

“எங்க மேஜையில எல்லாருக்கும் இதே கைதான் மேடம்.”

அவள் உன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். பஞ்சைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்தவளுக்கு ஒரு கையுறைக்குள் பார்க்கப் பொறுமை இல்லை. அவளையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவளுக்கு மல்லிகா யாரோ. உனக்கு?

கம்பெனிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததாம். அன்றைக்கு எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். மல்லிகா இடது கையால் தின்றாள்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு லீவு. துறையிலிருந்து வந்து, கூடையை என் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னேன். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவள். விளிம்பில் விரல் பட்டதும் அவள் கத்திய கத்தலில் கூடை கவிழ்ந்து தெருவெல்லாம் மத்தி. மீனை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துப் பிரித்தேன். விரல் அழுகிய வாழைப்பழம் மாதிரி இருந்தது. முதலில் நாற்றம் மீனில் இருந்து வருகிறது என்று நினைத்தேன்.

எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது என்றார் டாக்டர். விரலை எடுத்தார்கள்.

மேனேஜர் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அவர் பின்னால் நீ. மல்லிகா மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தாள். எங்கே நடந்தது என்று அவர் கேட்டார். எனக்கே அதுவரை சரியாகத் தெரியாது. நீ சொன்னாய்.

“வூட்டுல நண்டு ஒடைக்கயில சார். அவங்கம்மாவுக்கு நண்டு யாவாரம்ல.”

அவர் அப்பாடா என்று தலையாட்டினார். அன்றோடு கம்பெனி கையைக் கழுவியது. தெரு முழுக்க அதுவே பேச்சானது. தாயாகப்பட்டவள் பிள்ளையை நண்டு உடைக்க விட்டு விரலைப் போக்கினாள் என்று. என் கூடையிலிருந்து நண்டை எடுத்து என் மகள் விரலையே கடிக்க விட்டவள் நீ. மல்லிகா உண்மையைச் சொன்னபின் நான் கம்பெனி வாசலில் போய்க் கத்தினேன். உன் மேஜையில் நின்ற ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

சீசன் முடிந்து அண்டா வந்தது. மல்லிகாவின் பங்கை நீயே தூக்கிக்கொண்டு வந்தாய் பார், அதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. ‘பத்திரமாகப் பணிபுரிந்த மல்லிகாவுக்கு’ என்று வெட்டியிருந்தது.

“இவதான் நின்னுட்டாளேன்னு மேனேஜர் குடுக்கமாட்டேன்னாரு. நாந்தான் சண்ட போட்டு வாங்கியாந்தேன்.”

உன் முகத்தில் பெருமை இருந்தது. நல்லது செய்துவிட்டதாகவே நீ நினைத்தாய். நான் வாங்கி, உன் வாசலுக்கு நேராக வைத்து, அதில் கோழிக்குத் தவிடு கரைத்தேன். அன்றிலிருந்து தினமும் நீ கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த அண்டாதான். மல்லிகாவுக்குக் கல்யாணமாகி, பேத்தி பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதை நான் இடம் மாற்றவில்லை. உன்னோடு நின்ற மற்றவர்களுக்கும் ஒன்று வைத்திருந்தேன். என்னிடம் மீன் வாங்க வந்தால் வயிறு உடைந்த பழைய மீனாகப் பார்த்துத்தான் போடுவேன்.

மல்லிகா இப்போது நடுவிரலால் கோலம் போடுகிறாள். கோடு கொஞ்சம் தடிமனாக விழும். நீ உன் வாசலில் நின்று அதைப் பார்ப்பாய். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாய்.

உனக்குச் சர்க்கரை வந்தது. ஒரு நாள் நீ கொடியில் துணி போடும்போது பார்த்தேன். இடது காலை ஊன்றாமல் நின்றாய். பாதத்தில் துணி சுற்றி, அதன்மேல் செருப்பு. ஈ மொய்த்தது. நான் பார்ப்பதை நீயும் பார்த்தாய்.

“செருப்புக் கடிடி,” என்றாய். அத்தனை வருஷத்தில் நீயாக என்னிடம் பேசியது அன்றுதான்.

எனக்கு அந்த நாற்றம் தெரியாதா? மருமகளுக்குச் சுமையாகிவிடுவோம், ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பார்கள் என்று மறைத்தாய். மறைப்பதுதானே உன் தொழில். உன் மகன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை காத்திருந்தேன். தெரு கூடியதும் என் வாயைத் திறந்தேன்.

“ஒங்கம்மா கால அவுத்துப் பாருடா! புழு வச்சுருக்கும். சோறு போடறவனுக்கு மூக்கு இல்லையா?”

நீ கும்பிட்டாய். சொல்லாதே என்று தலையை ஆட்டினாய். கனிமொழி அழுதாள். உன் மகன் எல்லார் முன்னாலும் குனிந்து அந்தத் துணியை அவிழ்த்தான். இரண்டு கால்விரலோடு போயிற்று. இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். கனிமொழி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் அத்தை காப்பாத்துனீங்க,” என்றாள். காப்பாற்றவா சொன்னேன்? நீ நாறுவதை ஊர் பார்க்கட்டும் என்று சொன்னேன்.

கட்டுப் போட்ட காலோடு வாசலில் உட்கார்ந்து நீ கேட்டாய்.

“பழி தீத்துட்டியாடி?”

“தீரல.”

“பதினோரு பொம்பளைங்க எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாளுவ. நான் என்னடி செய்வேன்?”

“எம் மவளும் ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னா.”

நண்டு இல்லை, கொம்புதான் என்று ஒரே ஒரு தடவை தெருவில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாய். சொல்லவில்லை.

நீ செத்த அன்றைக்கு வந்தேன். வாய்க்கரிசி போட வந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். உன் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கைகளை நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் காட்டிய அதே கைகள். அரிசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனி நேற்று நடந்தது. நண்டு என்று சொல்லிவிட்டுப் போன கனிமொழியின் பின்னாலேயே நானும் தெருவைக் கடந்தேன். உன் கூடத்தில் பூவம் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் படத்துக்கு மாலை, சாம்பிராணி. நடுவில் நின்று, கொம்பு ஏறியதிலிருந்து அண்டா வந்தது வரைக்கும் சொன்னேன். உன் மகன் எழுந்துவிட்டான்.

“செத்தவங்களப் போயி இப்படிப் பேசுறியளே, சின்னம்மா!”

“அவ உசுரோட இருக்கயில அவ காலச் சொன்னேன். இப்ப அவ வாயச் சொல்றேன். நீ உக்காந்து சாப்புடு.”

சாம்பார் வாளியோடு நின்றவள் உன் மேஜைக்காரி. நான் வயிறு உடைந்த மீனாகப் பார்த்துப் போடுகிறவர்களில் ஒருத்தி. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“கொம்புதான். நானும் அங்கதான் நின்னேன்,” என்றாள்.

கனிமொழி உன் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அக்காகிட்ட நான் நண்டுன்னுல்ல கேட்டுட்டேன்,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். போதும். அதைக் கேட்கத்தான் போனேன். வாளிக்காரிக்கு நாளைக்கும் அதே மீன்தான். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னதற்கெல்லாம் நல்ல மீன் கிடையாது.

தூக்குச்சட்டியைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்தேன். மல்லிகா விடவில்லை. “நல்ல கனமா இருக்கும்மா. பால் வாங்க ஆவும்.” பேத்தி அதற்குள் அதிரசத்தைத் தின்று முடித்திருந்தாள்.

யோசித்தேன். சரி என்று கொடுத்துவிட்டேன். இன்று காலையில் அதை வலது கையில் மாட்டிக்கொண்டு பாலுக்குப் போனாள். விரல் போன இடத்தில் பிடி நிற்காமல் தூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் முதலில் கையைப் பார்த்தார்கள். அப்புறம் அதிலிருந்து தொங்கும் உன் பெயரைப் படித்தார்கள். நண்டு என்று இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் வாசலில் நின்று, அவள் திரும்பி வருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் சீக்கிரம் தேயாது. தினமும் போகட்டும்.