என் புகாருக்கு நானே எழுதிய பதிலை விலக்கிவைக்கக் கோரி

அனுப்புநர்:
சட்ட உதவியாளர்,
வழக்கறிஞர் அலுவலகம், இரண்டாம் மாடி,
நீதிமன்றப் பின்தெரு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: சட்ட உதவியாளருக்கு உரிய ஊதியம் – முடித்துவைக்கப்பட்ட என் புகாரை மீண்டும் விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அலுவலகத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். மனு, எதிர்மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் நான் தயாரிப்பவை. வழக்கறிஞர் ஐயா படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார். சில காலமாகப் படிப்பதும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்பிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

2. எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள், குறைந்தபட்ச ஊதியம் கேட்டு எங்கள் மூலம் வழக்குப் போட்டு ஜெயித்தார். கூடுதல் சம்பளம் வாங்கிய அன்று என் மேசையருகே வந்து, என் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தார். சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

3. வழக்கறிஞர் ஐயாவிடம் ஊதிய உயர்வு கேட்டேன். கோபிக்கவில்லை. நான் அவருக்கு மகள் மாதிரி என்றும், மகளுக்கு யாரும் சம்பளம் நிர்ணயிப்பதில்லை என்றும் சொன்னார். அதன் பிறகே தங்களிடம் புகார் கொடுத்தேன்.

4. தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் வந்தது. தபாலைப் பிரிப்பதும் என் வேலை. பிரித்து, பதிவுசெய்து, ஐயாவின் முன் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்து, "புகார் யார் குடுத்தா என்னம்மா, பதில் நீ எழுதினாத்தான் நிக்கும்" என்றார்.

5. எழுதினேன். ஏன் எழுதினாய் என்று என் கணவர் கேட்டார். கை பழகிவிட்டது என்றுதான் சொல்ல முடிந்தது. பதில் இதுதான்: புகார்தாரர் ஊழியர் அல்ல, தொழில் பழக வந்தவர், பெறுவது சம்பளம் அல்ல, வழிச்செலவு, விருப்பப்பட்டே வந்துபோகிறார். ஓர் எழுத்துப்பிழை இல்லை. தாங்கள் அதை ஏற்று, தெளிவான பதில் என்று உத்தரவில் குறிப்பிட்டுப் புகாரை முடித்துவைத்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வழக்கின் கோப்பை எடுத்தேன்.

6. அந்தப் பதில் உண்மையல்ல. தொழில் பழக வந்தவரிடம் அலுவலகச் சாவியைக் கொடுத்துவைக்க மாட்டார்கள். நேற்றுவரை அது என்னிடம்தான் இருந்தது. இதை எடுத்துச் சொல்ல அப்போது புகார்தாரர் தரப்பில் ஆள் இல்லை. நான் ஐயாவின் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

7. இந்த மனுவைக் கொடுக்கப்போவதை நேற்று ஐயாவிடம் சொன்னேன். இம்முறை பதில் எழுதித் தர மாட்டேன் என்றும் சொன்னேன். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

8. என் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, இதே வேலைக்கான பயிற்சியில் சேர விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். கைநிறையச் சம்பளம் என்று பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. "நெஜமா எவ்வளவும்மா எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டாள். அடுப்பைக் கவனிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஆகவே, புகாரை மீண்டும் எடுத்து, இருதரப்பையும் நேரில் விசாரித்து, என் வேலைக்கு உரிய ஊதியம் இவ்வளவு என எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொகை சிறியதாக இருந்தாலும் தெரிவிக்கவும். வெள்ளிக்கிழமைக்குள் அவள் விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட வேண்டும்.

இடம்: நீதிமன்றப் பின்தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
சட்ட உதவியாளர்