பால் பொங்கிய மாடி

ஊத்துக்குளி,
12.3.2008

வக்கீல் கண்ணு அனுசுயாவுக்கு முத்தாயி எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை வேல்குமார், அவன் அம்மா பூவாத்தாள், என் மகள் ஜெயசுதா, என் தம்பி லிங்கசாமி, கொத்தனார் நல்லான், நான். அனுப்பர்பாளையத்தில் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு என்று கட்டிப் பால் காய்ச்சிய நாள் அது. நான் கொண்டுபோன பித்தளைப் பாத்திரத்தில் பால் கிழக்கே பொங்கி வழிந்தது. "மகாலட்சுமி வந்துட்டாளுங்க" என்று பூவாத்தாள்தான் கும்பிட்டாள். முதல் டம்ளரை லிங்கசாமிக்குக் கொடுத்தேன். சர்க்கரை பத்தவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். மஞ்சள் கொத்து கட்டின அந்தப் பாத்திரத்தை முருகன் மாடத்தில் வைத்தோம். எங்கள் பக்கம் மறுபடி பால் காய்ச்சினால் ஒழிய அதை அங்கிருந்து நகர்த்துவதில்லை.

அந்த வீட்டிலிருந்துதான் பொங்கல் முடிந்த கையோடு வேல்குமார் என் மகளையும் பேத்தியையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். இப்போது அடுப்பு மேடையை இடித்து, துணி மூட்டை அடுக்கி, "மாடி எப்பவுமே குடோன்தானுங்க" என்று கோர்ட்டில் சொல்கிறானாம்.

இன்னொன்று. அவனுக்கு வாதாடுகிற ஜானகியம்மாளோடு நீ சிரித்துப் பேசி டீ குடித்தாயாம். ஜெயசுதா பார்த்திருக்கிறாள். அவளும் ஒரு பொம்பளையா? பதில் எழுது. வெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

முத்தாயி

திருப்பூர்,
4.4.2008

அன்புள்ள அம்மா,

திட்டும் வந்தது, வெண்ணெயும் வந்தது. இரண்டுக்கும் நன்றி.

நான் கோர்ட்டுக்கு வந்த புதிதில், "டைப்பிஸ்ட்டாம்மா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவர் ஜானகியம்மாள். பெண் வக்கீல் பெண்களுக்காக மட்டுமே வாதாட வேண்டும் என்றால் எங்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவார்கள். யாருக்காகவும் நிற்கலாம் என்பதும் எங்கள் உரிமைதான் அம்மா. தெரிந்தே பொய்க்கு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வருத்தமான செய்தி. அந்த மாடியில் அடுப்பே இருந்ததில்லை, பால் காய்ச்சவே இல்லை என்று உங்கள் தம்பி அவர்கள் பக்கம் சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் கேளுங்கள். முந்தாநாள் கோர்ட் அனுப்பிய அதிகாரி மாடியைப் பார்க்க வந்தார். நாங்கள் இரு வக்கீல்களும் கூடப் போனோம். சமையலறை இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு. மூட்டைகளை நகர்த்தினால், மாடத்தில் உங்கள் பாத்திரம், காய்ந்த மஞ்சளோடு! "இது ஏன் இங்கே?" என்றார் அதிகாரி. வேல்குமார் சட்டென்று, "அத எறக்குனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அம்மா சொன்னாங்க" என்று உளறிவிட்டார்.

"குடோன்ல ஏதுங்க குடும்பம்?" என்றார் அதிகாரி.

ஜானகியம்மாள் வேல்குமாரைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். "இதுக்கு மேல நா நிக்க மாட்டனுங்க. சாவியக் குடுங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. இன்று உத்தரவும் வந்துவிட்டது. ஜெயசுதா அந்த வீட்டில் இருக்கலாம். குடும்பம் நடந்த வீடு என்று ஆகிவிட்டதால் யாரும் வெளியேற்ற முடியாது.

அன்புடன்,
அனுசுயா

அனுப்பர்பாளையம், மாடி,
20.4.2008

அனுசுயா கண்ணுக்கு,

மேலே ஊர்ப் பேரைப் பார்த்தாயா? இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்று மறுபடி பால் காய்ச்சினோம். மேடை இல்லாததால் ஸ்டவ்வைத் தரையில் வைத்தோம். அதே பாத்திரம், அதே கிழக்கு. பேத்தி மூட்டை மேல் ஏறிக் குதித்தாள். ஜெயசுதா வயிறாரச் சாப்பிட்டாள். என் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது.

வேல்குமார் கீழே கம்பெனியில் இருக்கிறான், மேலே தலை காட்டவில்லை. அவனை ஜெயசுதா பார்த்துக்கொள்வாள். பூவாத்தாள் மட்டும் சர்க்கரையோடு படியேறி வந்து, வாசலிலேயே நின்றாள். "உள்ள வாங்க, என்ன குடோனா இது?" என்றேன். அழுதுவிட்டாள். போகட்டும்.

இரண்டு உருண்டை வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். பெரியது உனக்கு. சின்னது அந்த ஜானகியம்மாளுக்கு. சாவி வாங்கிக் கொடுத்தாலும் முதலில் அவன் பக்கம் நின்றவள்தானே. அடுத்த தடவை சரியாகப் பிரிக்கிறேன். நீங்கள் சேர்ந்து டீ குடியுங்கள்.

முத்தாயி

பி.கு. எல்லோரையும் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. என் கையால் முதல் டம்ளர் வாங்கி, சர்க்கரையும் கேட்டுப் போட்டுக் குடித்த வாயால் அடுப்பே இல்லை என்றானே, அவனை என் கட்டை வேகும் வரைக்கும் மன்னிக்க மாட்டேன். என் கூடப்பிறந்த லிங்கசாமி.